21 எம்எம் லென்ஸுக்கு எந்த ஃபைண்டர் வாங்கறது?

போன ஞாயித்துக்கிழமை சித்தி பையன் வீட்டுக்கு வந்தான். தோள்ல ஒரு லைக்கா எம்6 ஃபிலிம் கேமரா, அதுல புதுசா வாங்கின 21 எம்எம் லென்ஸ். எம்எம் எண் கம்மியாக ஆக பார்வை அகலமாகும், இது ரொம்பவே அகலம். பழசுதான், ஆனா சுத்தமா இருந்துச்சு. காபி கூட குடிக்கல, வந்த உடனே கேட்டான். "அண்ணா, இந்த லென்ஸுக்கு வ்யூஃபைண்டர்ல கோடே வர்ல, மேல ஒரு ஃபைண்டர் வாங்கி மாட்டணும்னு சொல்றாங்க, எத வாங்கறது? பிளாஸ்டிக்ல ஒண்ணு கம்மி வெலைக்கு இருக்கு, மெட்டல்ல ஒண்ணு மூணு மடங்கு வெல சொல்றாங்க, ரெண்டும் 21-னுதான் எழுதிருக்கு." அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மொட்டை மாடியில ஒக்காந்து அதப் பத்திதான் பேசிட்டிருந்தோம், அதைத்தான் இங்க எழுதி வெக்கறேன், ஏன்னா இதே கேள்விய நானும் சில வருஷம் முன்னாடி கேட்டுட்டு அலைஞ்சிருக்கேன், தமிழ்ல சொல்ல ஆள் இல்ல.

எம்6 மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா புழங்காதவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்தக் கேமராவுல நாம லென்ஸ் வழியா பாக்கறதில்ல. மூலைல தனியா ஒரு ஜன்னல் இருக்கு, அது வழியா பாக்கறோம், அந்த ஜன்னல்ல வெள்ளக் கோடு போட்டு ஒரு கட்டம் தெரியும், அந்தக் கட்டத்துக்குள்ள இருக்கறது படத்துல வரும். எந்த லென்ஸ் மாட்டினாலும் ஜன்னல் மாறாது, கட்டம் மட்டுந்தான் மாறும். 1954-ல வந்த லைக்கா எம்3-ல 50, 90, 135 எம்எம் மூணு லென்ஸுக்குத்தான் கட்டம். அதுக்கப்பறம் எம்2-ல 35 வந்துச்சு, 28-க்கு கட்டம் வர்றதுக்கு 1980 வாக்குல எம்4-பி வர வேண்டியிருந்துச்சு. எம்6-உம் அதே 28-ஓட நின்னுடும். ஆனா 21 எம்எம் லென்ஸ் லைக்காவுக்கு 1958-லயே வந்துருச்சு, ஷ்னைடர் கம்பெனி பண்ணின சூப்பர் ஆங்குலான். அதாவது ஆரம்பத்துல இருந்தே வைட் லென்ஸ்காரங்க கேமரா தலைமேல ஒரு ஃபைண்டரை சொருகிக்கிட்டுத்தான் படம் எடுத்திருக்காங்க, நாம புதுசா எதுவும் கஷ்டப்படல.

உள்ளுக்குள்ளயே 21-க்கு கட்டம் வெச்ச கேமரா இல்லாமலும் இல்ல. கோசினாங்கற கம்பெனி பண்ணின பெஸ்ஸா ஆர்4 இருக்கு, 21, 25, 28, 35, 50 எல்லாம் உள்ளயே தெரியும். அதுக்கு அவங்க குடுத்த வெல என்னன்னா ஜன்னலோட உருப்பெருக்கம் 0.52. எம்6-ல 0.72. எல்லாமே சின்னதா தெரியும், கண்ணாடி போட்டவங்களுக்கு அந்த 21 கட்டத்தோட நாலு மூலையும் ஒரே பார்வைல தெரியறது கஷ்டம். ஆக அதுலயும் மேல ஃபைண்டர் மாட்டறவங்க உண்டு.

தம்பி கேட்ட ரெண்டாவது கேள்வி, "ஃபைண்டரே இல்லாம எடுக்க முடியாதா?" முடியும்டா. எம்6 மாதிரி ஜன்னல்ல கோட்டையெல்லாம் மறந்துட்டு ஜன்னல் முழுக்க எவ்ளோ தெரியுதோ அது சுமாரா 24 எம்எம் பார்வை, 24-25 லென்ஸ் வெச்சிருக்கறவங்க நெறய பேரு அப்டியே ஓட்டறாங்க. ஆனா அதுக்கு கண்ணு ஜன்னல்ல ஒட்டணும். நானும் கண்ணாடி, அவனும் கண்ணாடி. எங்களுக்கு 28 கோடே ஓரத்துல பாதி தெரியும், பாதி தெரியாது. அதோட லென்ஸ் ஹூட் வேற கீழ் மூலைய மறைக்கும். மேல மாட்டற ஃபைண்டர்ல இந்த மறைக்கற தொல்ல கெடையாது, லென்ஸுக்கு மேல நிக்குது இல்லயா.

சரி, இந்த ஃபைண்டர் எப்டி வேல செய்யுதுன்னு தெரிஞ்சா தேர்ந்தெடுக்கறது பாதி முடிஞ்ச மாதிரி. சின்னப் புள்ளைல பைனாகுலரைத் திருப்பிப் புடிச்சு பாத்திருப்போம்ல, எல்லாம் தூரமா குட்டியா தெரியும், அதேதான். வாசக்கதவுல வெளிய யாருன்னு பாக்கற ஓட்டையும் இதே கத. முன்னாடி விரிக்கற லென்ஸ், பின்னாடி சேக்கற லென்ஸ். இது வெறும்னே இப்டி இருந்தா பாக்கற பார்வை முடியற எடந்தான் ஃப்ரேமோட ஓரம், கண்ண கொஞ்சம் அசைச்சா அந்த ஓரமும் அசையும். இதுக்கு வான் அல்படாங்கற டச்சுக்காரர் ஒரு வழி கண்டுபுடிச்சார். கண்ணு வெக்கற பக்கம் ஒரு வெள்ளக் கட்டம், முன் லென்ஸோட உள் பக்கம் முகம் பாக்கற கண்ணாடி மாதிரி லேசா ஒரு பூச்சு, அந்தக் கட்டம் அதுல பட்டுத் திரும்பி வந்து காட்சிக்கு மேல மெதக்கற மாதிரி தூரத்துல தெரியும். கண்ணு கொஞ்சம் நகந்தாலும் கட்டம் காட்சியோடயே ஒட்டி நிக்கும். பிரைட்லைன் ஃபைண்டர்னு சொல்றது இந்த சாதிதான்.

இங்கதான் என் முதல் கருத்து. ஃபைண்டரை லென்ஸுக்குப் பொருந்துதான்னு பாத்து வாங்காதீங்க, உங்க கண்ணுக்குப் பொருந்துதான்னு பாத்து வாங்குங்க. 21-னு எழுதின எல்லாமும் கிட்டத்தட்ட 21-ஐத்தான் காட்டும். வித்தியாசம் என்னன்னா, கண்ணாடிய கழட்டாம நாலு கோடும் ஒரே நேரத்துல தெரியுதா, கோட்டுக்கு வெளில கொஞ்சம் காத்து இருக்கா. அந்த வெளில இருக்கற காத்துதான் ரேஞ்ச்ஃபைண்டர்ல படம் எடுக்கறதோட சந்தோஷமே. ஃப்ரேமுக்குள்ள நடந்து வரப் போற ஆள முன்னாடியே பாக்கலாம். கோடு ஓரத்துல ஒட்டிக்கிட்டு, அதுவும் எட்டிப் பாத்தாத்தான் தெரியும்னா அது எவ்ளோ வெல குடுத்தாலும் உங்களுக்கானது இல்ல.

என் முதல் ஃபைண்டர் அப்டித்தான். ஒரு பெஸ்ஸா ஆர், 21 எம்எம் எஃப் 4 ஸ்கோபார் லென்ஸ், அதுக்கு மேல பேர் கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் ஃபைண்டர். பாக்கறதுக்கு தெளிவாத்தான் இருந்துச்சு, ஆனா கண்ணாடியோட பாத்தா வலது பக்கக் கோடு தெரியாது, அதப் பாக்க முகத்த திருப்பினா இடது போயிடும். ஒரு ரோல் முழுக்க வலது ஓரத்துல யாரோட முழங்கையோ, பைக் கண்ணாடியோ நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணு, கண்ணு வெக்கற வளையம் மெட்டலா இருந்தா நம்ம பவர் கண்ணாடி பிளாஸ்டிக் லென்ஸ்ல கோடு விழுந்துரும், ரப்பர் வளையம் இருக்கான்னு தடவிப் பாத்து வாங்குங்க, இல்லன்னா ஒரு மெல்லிசு ரப்பர் வாஷர் வாங்கி ஒட்டிக்குங்க. நான் ஒரு ஜோடி கண்ணாடிய இப்டித்தான் கெடுத்தேன்.

அடுத்து பாரலாக்ஸ், அதாவது ஃபைண்டர் ஒரு எடத்துல, லென்ஸ் வேற எடத்துல இருக்கறதால ரெண்டும் பாக்கறது கொஞ்சம் மாறறது. இதப் பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்க, ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா பயம் தெளிஞ்சிரும். ஃபைண்டர் லென்ஸுக்கு மேல சுமாரா ஆறு ஏழு சென்டிமீட்டர் ஒசரத்துல இருக்குன்னு வெச்சுக்கோங்க. 21 எம்எம்-ல மூணு மீட்டர் தள்ளி இருக்கற ஆள எடுத்தா, படத்தோட ஒசரம் அந்த எடத்துல கிட்டத்தட்ட 3.4 மீட்டர். அதுல ஏழு சென்டிமீட்டர் எங்க போச்சுன்னே தெரியாது. அதே 70 சென்டிமீட்டர்ல எடுத்தா படத்தோட ஒசரம் 80 சென்டிமீட்டர்தான், அதுல ஏழுன்னா பத்துல ஒரு பங்குக்கு கொஞ்சம் கம்மி. மேல அவ்ளோ வெட்டும், கீழ அவ்ளோ கூட வரும். நெறய ஃபைண்டர்ல மேல் கோட்டுக்குக் கீழ ரெண்டு குட்டிக் கோடு இருக்கும், கிட்டக்க எடுக்கறப்ப அதான் மேல் எல்லைனு அர்த்தம்.

ஆனா அந்தக் குட்டிக் கோடு சரி பண்ண முடியாத ஒண்ணு இருக்கு, அத நான் மயிலாப்பூர் வடக்கு மாட வீதில கத்துக்கிட்டேன். நவராத்திரிக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கொலு பொம்மை கடை போட்டிருப்பாங்க இல்லயா, அங்க ஒரு பாட்டி தார்ப்பாய் விரிச்சு ஒக்காந்திருந்தாங்க. முன்னாடி செட்டியார் பொம்ம, அம்மன், தசாவதார செட்டு, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு முக்காலடி கிருஷ்ணர், வைக்கோல் இன்னும் முழுசா பிரிக்கல, புல்லாங்குழல் பக்கத்துல ஒரு துணுக்கு ஒட்டிட்டு இருந்துச்சு. நான் குத்துக்கால் போட்டு ஒக்காந்து பாத்தேன். கிருஷ்ணர் கிட்டக்க, ஒரு முழத்துக்கு கொஞ்சம் கூட, அவர் மயிலிறகுக்கு சரியா மேல பாட்டியோட முகம், வெத்தல போட்டு செவந்த வாய், மூக்குத்தி, எல்லாம் ஃபைண்டர்ல அப்டியே முழுசா. அமுக்கினேன். ஃபிலிம் கழுவி வந்ததும் பாத்தா மயிலிறகு பாட்டியோட வாய்க்கு நேரா நிக்குது. முகத்துல பாதி கிருஷ்ணர் கொண்டைக்குப் பின்னாடி. ஏன்னா லென்ஸ் பாத்த எடம் வேற, நான் பாத்த எடம் வேற, நான் மேல இருந்து எட்டிப் பாத்திருக்கேன், அது கீழ இருந்து பாத்திருக்கு. ஃபைண்டரை எவ்ளோ சாச்சு வெச்சாலும் இது மாறாது, கிட்ட இருக்கறதும் தூரத்துல இருக்கறதும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழற விதமே மாறிடுது.

இதுக்கு ஒரே மருந்து, ஃப்ரேம் பண்ணி முடிச்சதும் கேமராவ சாய்க்காம அப்டியே நேரா நாலு விரக்கடை மேல தூக்கி அமுக்கறது. லென்ஸ் இப்ப என் கண்ணு இருந்த எடத்துக்கு வந்துரும். மொதல்ல வேடிக்கையா இருக்கும், ஒரு ரெண்டு ரோல் போனா கை தானா செய்யும். நெட்ட படம் எடுக்க கேமராவ திருப்பிப் புடிச்சா ஃபைண்டர் பக்கவாட்டுக்குப் போயிடும், அப்ப மேல இல்ல, பக்கத்துல நகத்தணும், இத ஞாபகம் வெச்சுக்கணும். 1950கள்ல வந்த கேனன் விடி மாதிரி கேமராக்கள்ல ஷூவுக்குள்ள, அதான் கேமரா மேல ஃபைண்டர் சொருகற தடத்துக்குள்ள, ஒரு குட்டி ஊசி இருக்கும், ஃபோகஸ் திருப்ப திருப்ப அந்த ஊசி ஏறி எறங்கி மேல இருக்கற ஃபைண்டரை தானா சாச்சு விடும். எவ்ளோ அழகான யோசன. அதுலயும் மயிலிறகு கத மாறாதுன்னாலும், ஒரு ஊசிய வெச்சு இத யோசிச்சவங்க மேல எனக்கு ரொம்ப மரியாத.

ஃபோகஸ் பத்தி தம்பிக்கு இருந்த கவல, கீழ் ஜன்னல்ல ஃபோகஸ் பண்ணிட்டு கண்ண மேல ஃபைண்டருக்கு மாத்தணும், அதுக்குள்ள ஆள் போயிடுவாங்களேன்னு. 21-ல அந்தக் கவல வேண்டாம். லென்ஸோட துளைய எஃப் 8-க்கு சின்னதாக்கி வெச்சு 1.8 மீட்டர்ல ஃபோகஸ நிறுத்திட்டா 90 சென்டிமீட்டர்ல ஆரம்பிச்சு தொடுவானம் வரைக்கும் நல்லா இருக்கும். கீழ் ஜன்னலையே மறந்துரலாம். வெயில் நேரத்துல தெருவுல இதவிட வேகமான முற வேற எனக்குத் தெரியல. 15 எம்எம்-னா இன்னும் சுலபம், அதே எஃப் 8-ல ஒரு மீட்டர்ல வெச்சா அர மீட்டர்ல இருந்து எல்லாம் வந்துரும். ஃபோய்க்ட்லாண்டர் பேர்ல 1999-ல பெஸ்ஸா எல்-னு ஒரு கேமரா வந்துச்சு, அதுல ஜன்னலே கெடையாது, தூரம் பாத்து ஃபோகஸ் பண்ற ரேஞ்ச்ஃபைண்டரும் கெடையாது, 15 ஹேலியார் லென்ஸோட பெட்டிலயே ஒரு பிளாஸ்டிக் ஃபைண்டர் வரும், அத மேல சொருகிட்டு தூரத்த கண்ணால மதிச்சு எடுக்க வேண்டியதுதான். அந்த தைரியம் இந்தக் கணக்குல இருந்து வந்ததுதான்.

சரி, இப்ப வகை வகையா. பிளாஸ்டிக் ஃபைண்டர் லேசு, பாக்கெட்ல போட்டுக்கலாம், வெலையும் தாங்கும், ஆனா நெறய பிளாஸ்டிக்ல நேர் கோடு வளஞ்சு தெரியும், செவுத்தோட ஓரம் வில்லு மாதிரி வயிறு தள்ளி நிக்கும். படத்துல வளையாது, பார்வைல மட்டும் வளையும், தெருவுல ஆள் எடுக்கறவங்களுக்கு இது பெருசில்ல, கட்டடம் எடுக்கறவங்களுக்கு தலவலி. கார்ல் ஸைஸ்ங்கற லென்ஸ் கம்பெனி பேர்ல வந்த மெட்டல் ஃபைண்டர் ஒருத்தர்கிட்ட வாங்கி ரெண்டு நாள் பாத்திருக்கேன், வெளிச்சமும் தெளிவும் அப்டி ஒண்ணு, உண்மைல வெளிய பாக்கறதவிட அதுக்குள்ள பாக்கறது நல்லா இருந்துச்சு, 25-உம் 28-உம் ஒரே ஃபைண்டர்ல காட்டறதும் அதுல உண்டு. வெலதான் ஒரு லென்ஸ் வெல. லைக்கா 2006-ல 16-18-21 லென்ஸோட சேத்து ஒரு பெரிய ஃபைண்டர் விட்டாங்க, 16, 18, 21, 24, 28 எல்லாம் ஒரு வளையத்த திருப்பினா வரும், தூரத்துக்கு தகுந்தாப்ல பாரலாக்ஸ் திருத்தலாம், கேமரா சாயாம இருக்கான்னு காட்டற மட்டக்குமிழ் உள்ளயே தெரியும். ஆனா உருவம் கேமரா மேல இன்னொரு கேமரா ஏறி ஒக்காந்த மாதிரி, ஃபிராங்கன்ஃபைண்டர்னே அதுக்கு பட்டப் பேரு. மூணு நாலு வைட் லென்ஸ் வெச்சிருக்கறவங்களுக்கு அது சரி, ஒரே லென்ஸ்காரங்களுக்கு வேண்டாம். சோவியத் காலத்து டர்ரெட் ஃபைண்டர் ஒண்ணு சுத்துது, 28, 35, 50, 85, 135 அஞ்சும் சக்கரம் மாதிரி சுத்தும், அருமையான சாமான், ஆனா 28-க்கு மேல அகலம் இல்ல, 21 வாங்கினவன் அதப் பாக்கவே வேண்டாம்.

லைக்காவோட டிஜிட்டல் எம் கேமரா வெச்சிருக்கறவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். எம்8-ல சென்சார் சின்னது, 1.33 மடங்கு, அதுல 21 லென்ஸ் போட்டா 28 ஃபைண்டர்தான் சரி வரும். எம்240-க்கு அப்பறம் எலக்ட்ரானிக் ஃபைண்டரும் அதே ஷூவுலதான் மாட்டணும், அது மாட்டினா இது மாட்ட முடியாது. டிரைபாட் போட்டு கட்டடம் எடுக்கறீங்கன்னா எலக்ட்ரானிக்கே வாங்கிக்கோங்க, லென்ஸ் பாக்கறத அப்டியே காட்டும், அதுல சண்ட போட ஒண்ணும் இல்ல. நடந்துக்கிட்டே எடுக்கறவங்களுக்கு கண்ணாடி ஃபைண்டர்ல இருக்கற அந்த ஒடனடி வெளிச்சம் அதுல வர்றதில்லங்கறது என் அனுபவம்.

மட்டக்குமிழ்னு சொன்னேன்ல, அது ஆடம்பரம் இல்ல. 21-ல கேமரா கொஞ்சம் மேல பாத்தாலே கட்டடம் எல்லாம் பின்னாடி சாயும். கபாலீஸ்வரர் கோயில் கெழக்கு கோபுரம் சுமார் 37 மீட்டர். கேமராவ நெட்டையா புடிச்சு, கொஞ்சம் கூட அண்ணாக்காம கோபுரம் முழுசா வரணும்னா 41 மீட்டர் தள்ளி நிக்கணும், நான் கணக்குப் போட்டுத்தான் நின்னேன், கடகாரர் ஒருத்தர் என் காலடிய எண்ணிப் பாத்துட்டே இருந்தார். ஷூவுல மாட்டற குட்டி குமிழ் தனியாவும் கெடைக்கும், ஆனா ஃபைண்டர் ஏற்கனவே அந்த எடத்துல ஒக்காந்திருக்கும். ஆக ஃபைண்டருக்குள்ளயே குமிழ் இருந்தா அது ஒரு கூடுதல் காரணம்.

வாங்கினதும் ஒரு சோதன பண்ணிருங்க, இது முக்கியம். எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல பூசாத செங்கல் செவுரு ஒண்ணு இருக்கு. கேமராவ டிரைபாட்ல வெச்சு செவுத்துல இருந்து ரெண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினேன். பின் கதவத் திறந்து ஃபிலிம் ஒக்கார்ற எடத்துல ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் டேப் போட்டு ஒட்டினேன், ஷட்டர பி-ல, அதாவது அமுக்கற வரைக்கும் திறந்தே இருக்கற முறைல வெச்சு கேபிள் ரிலீஸால திறந்து வெச்சேன், தலைக்கு மேல அம்மாவோட பழைய கறுப்பு சால்வ. பேப்பர்ல செவுரு தலகீழா மங்கலா வந்து விழுந்துச்சு. நீள வாக்குல எண்ணினேன், 14 செங்கலுக்கு கொஞ்சம் மேல. ஃபைண்டர் கோட்டுக்குள்ள எண்ணினா 13. அதாவது படத்துல நான் பாக்கறதவிட கொஞ்சம் கூடவே வருது. இது தப்பு இல்ல, பெரும்பாலும் எல்லா ஃபைண்டரும் ஜாக்கிரதைக்காக கம்மியாத்தான் காட்டும், எவ்ளோ கம்மின்னு உங்களுக்குத் தெரியணும், அவ்ளோதான். எனக்கு அன்னைல இருந்து கோட்டுக்கு வெளில அர செங்கல் கூட சேத்துப் பாக்கற பழக்கம் வந்துருச்சு. எம்6-லயும் பின் பக்க மடிப்பு திறக்கும், தம்பி கேமராவுலயும் இதே மாதிரி பண்ணலாம்.

பழசு வாங்கறப்ப, கடற்கர ஊர்ல இருக்கற நமக்கு மொத எதிரி பூஞ்ச. ஃபைண்டரை வெளிச்சத்துக்கு எதிரா புடிச்சு பாக்கணும், செலந்தி வல மாதிரி நூல் தெரிஞ்சா விட்டுருங்க. பிரைட்லைன் வகைல அந்தக் கண்ணாடிப் பூச்சு மங்கிப் போனா கோடு செத்துப் போயிடும், அதனால வானத்தப் பாத்து மட்டும் சோதிக்காதீங்க, அப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும், இருட்டான மூலையப் பாருங்க, சாயங்காலம் விளக்கு வெக்கற நேரத்துல பாருங்க. அந்தக் கோடு முன்னாடி இருந்து வர்ற வெளிச்சத்துலதான் மின்னுது, வெளிச்சம் போனா அதுவும் போயிரும், நல்லதுல கொஞ்சம் லேட்டா போகும்.

கடைசியா கால். ஷூவுல சொருகற கால் தளர்வா இருந்தா விழுந்துரும். என்னோட பிளாஸ்டிக் ஃபைண்டர் எக்மோர் ஸ்டேஷன் படிக்கட்டுல எறங்கறப்ப கழண்டு விழுந்து, படி படியா குதிச்சு, கீழ போறதுக்குள்ள கால் ஒடஞ்சிருச்சு. அன்னைக்கு ரொம்ப வருத்தம்.

இவ்ளோவும் பேசி முடிக்கறப்ப மணி ஆறு ஆயிருச்சு. தம்பி அவன் பாத்து வெச்ச ரெண்டு ஃபைண்டரையும் கடகாரர்கிட்ட முன்பணம் குடுத்து எடுத்துட்டுத்தான் வந்திருந்தான். ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டி எதிர் வீட்டு தண்ணித் தொட்டியப் பாத்தான். மெட்டல்ல கண்ணாடியோட பாத்தா கீழ் கோடு தெரியல அண்ணான்னான், நானும் பாத்தேன், எனக்கும் தெரியல. பிளாஸ்டிக்ல தொட்டி கொஞ்சம் வயிறு தள்ளி தெரிஞ்சுது, ஆனா நாலு கோடும் தெரிஞ்சுது, தொட்டிக்கு இந்தப் பக்கம் வந்து ஒக்காந்த காக்கா ஃப்ரேமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. "இதே எடுத்துக்கறேன்"னான். இருட்டற வரைக்கும் கோடு மங்குதான்னு பாத்துட்டு ஒக்காந்திருந்தோம். அப்பறம் உள்ள போயி, ஷூவுக்குள்ள ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி ஃபைண்டரை இறுக்கிச் சொருகினேன், சித்தி வீட்டு தையல் டப்பால இருந்து அவன் கொண்டு வந்த கறுப்பு நூல மூணு இழையா முறுக்கி ஃபைண்டர் கால்ல ஒரு முடிச்சு, கேமரா வார் வளையத்துல ஒரு முடிச்சு போட்டுக் குடுத்தேன்.